சாட்டி மணலும் கால்களின் அப்பியாசமும்

தேகாப்பியாசம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு, பள்ளிக்கூட மைதானங்களிலே பிள்ளைகளை ஓடவும் பாயவும் பழக்கி, இளைப்பாறிய பின்னர் வேலணைத் தீவின் தென்கரையிலுள்ள சாட்டிக் கடற்கரையில் விருப்பமுள்ளவர்களுக்குக் கால்களுக்குரிய பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்துவரும் என்னிடம், வருவோரிற் பெரும்பாலோர், விசேஷமாகப் பெண்கள், கொண்டுவரும் விண்ணப்பம் ஒன்றுதான். "மாஸ்ரர், முகம் வாடாமல் தொடை மட்டும் மெலியிறதுக்கு ஏதும் எக்சசைஸ் இருக்கோ?" என்பார்கள். "அப்பிடி ஒண்டு இருந்தால், பிள்ளை, நான் எப்பவோ பணக்காரன் ஆகியிருப்பன்" என்று சிரித்துக்கொண்டே அவர்களை மணலில் இறக்கிவிடுவது என் வழக்கம்.

எந்த அவயவத்தை அசைக்கிறோமோ அந்த அவயவத்தின் கொழுப்பே கரையும் என்பது உலகமெங்கும் வேரூன்றிவிட்ட ஒரு மயக்கம். உழைக்கும் தசைக்கு வேண்டிய சக்தி, அதன்மேற் படிந்திருக்கும் கொழுப்பிலிருந்து நேரே இறங்குவதில்லை. சரீரம் முழுவதிலுமுள்ள சேமிப்பிலிருந்து இரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கின்றது. 1971ஆம் ஆண்டில், வருஷக்கணக்காக ஒரே கையால் ரெனிஸ் ஆடிவந்தவர்களின் இரு கைகளிலும் தோலின் கீழுள்ள கொழுப்பைக் கலிபோர்னியாவில் அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், ஆடுங்கை தசையாற் பருத்திருந்ததேயன்றி, கொழுப்பின் கனத்தில் இரு கைகளுக்குமிடையே வேற்றுமை இல்லையென்றே கண்டார்கள். பெண்களுக்குத் தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் கொழுப்புச் சேர்வதோ, பருவமெய்திய பின்னர் ஹோர்மோன்கள் செய்துவைக்கும் ஏற்பாடு. பாலூட்டுங் காலத்துக்கென இயற்கை ஒதுக்கிவைத்த முதல் அது. வயிற்றுக்குள்ளே திரளும் கொழுப்பைப்போல இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் வழிகோலுவதன்று. ஆகையால், உடம்பு இளைக்கத் தொடங்கும்போது முகம் முந்திக்கொள்ள, தொடை பிந்தி நிற்பதைக் கண்டு மனம் சலிப்பதிற் பிரயோசனமில்லை.

அப்படியாயின் கால்களுக்கென்று தனி அப்பியாசம் எதற்கு? தேகத்திலுள்ள தசைகளுட் பெரியவை பிட்டத்திலும் தொடையிலுமே இருக்கின்றனவாதலால், அவற்றை உழைக்கச் செய்பவர் கைகளை மாத்திரம் வீசுபவரைவிட அதிக சக்தியைச் செலவிடுகிறார். அன்றியும், தசை இறுகினால், அளவு நாடாவிற் பெரிதாகக் குறையாத தொடைகூடப் பார்வைக்கு ஒடுங்கி ஒழுங்காகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் தளைநாரைப் பாதங்களில் மாட்டிக்கொண்டு பனைக்குப் பனை ஏறி இறங்கும் சீவல் தொழிலாளரின் கால்களைப் பாருங்கள்; நீரிறைக்கும் இயந்திரம் வருமுன்னர், தோட்டக் கிணற்றடியில் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதித்த எங்கள் மூத்தோரின் கால்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுள் ஒருவரேனும் தொடை மெலிய வேண்டுமென்று உழைத்ததில்லை. சைக்கிளில் ரியூசனுக்குப் போய்வந்த பெண்பிள்ளைகளின் இடத்திலே இப்போது ஸ்கூட்டி வந்துவிட்டது. காலத்தைப் பழிக்க நான் வரவில்லை, ஆனாலும் என்னிடம் வருவோர் தொகை பெருகியதற்கு அதுவும் ஒரு காரணமென்றே எண்ணுகிறேன்.

மணலின் மகிமையை அறிந்தவர்கள் நாங்கள் மாத்திரமல்லர். 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் ஓட்டத்தை உலக சாதனையுடன் வென்ற அவுஸ்திரேலிய வீரர் ஹேர்ப் எலியட்டை, அவரது ஆசானாகிய பேர்சி செருட்டி, போட்சி என்னும் கடற்கரையின் மணற்குன்றுகளிலே ஏறி ஏறி ஓடவைத்துத்தான் உருவாக்கினார். ஒரே வேகத்தில் நடக்கும்போது, உறுதியான தரையிலும்பார்க்க உலர்ந்த மணலில் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சக்தி செலவாகுமென்று 1998இல் பெல்ஜிய விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். அடியெடுத்து வைக்குந்தோறும் பாதம் புதைந்து, ஊன்றிய பலத்தில் ஒரு பங்கு மணலைத் தள்ளுவதிலேயே வீணாகிப்போவதனால் வருவது இது. அந்த வீணே எங்களுக்கு லாபம்.

ஆனாற் புதிதாக வருபவரை நான் உலர்ந்த மணலில் விடுவதில்லை. அலை வந்து நனைத்துச் செல்லும் இறுகிய பட்டையிலே சில வாரங்கள் நடந்து, கணுக்காலும் குதிநரம்பும் பழகிய பின்னரே மேலே ஏற அனுமதிப்பேன். ஏனெனில், புதைமணலிற் குதி தாழ்வதனாற் கெண்டைக்காற் தசை வழக்கத்திலும் அதிகமாக இழுபடும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே ஊன்ற நேரிடும்; எனவே, போன தூரமளவுக்கு அதே சரிவில் திரும்பி வந்தாலன்றி இடுப்பு நோகும். சோளகக் காற்று எழும் மாதங்களில், எதிர்காற்றிற் போய்ப் பின்காற்றில் திரும்புவது உத்தமம்.

நடைக்குப் பின் குந்தி எழும்புதல். பிள்ளையார் கோயிலிலே தோப்புக்கரணம் போட்டுப் பழகிய எங்கள் சனத்துக்கு இது அந்நியமன்று. தோளகலத்துக்குக் கால்களை விரித்து, குதியைக் கிளப்பாமல், முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடியும்படி, நிதானமாக இறங்கி எழும்ப வேண்டும் என்பதுதான் நான் சேர்க்கும் நிபந்தனை. சொன்னபடி செய்தாரா என்பதை அறிய அவருடைய முழங்காலை நான் உற்றுப் பார்ப்பதில்லை. பத்துத் தரம் எழும்பியதும் "இப்ப ஒருக்கா அரக்கி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்தைக் குனிந்து பார்ப்பேன். பெருவிரற் பக்கத்து ஓரம் ஆழமாகப் பதிந்திருந்தால் முழங்கால்கள் உள்ளே சாய்ந்திருக்கின்றன. விரல்களின் கீழே குழி விழுந்து குதித்தடம் மங்கியிருந்தால் பாரம் முன்னாற் போயிருக்கிறது. இடத்தடம் வலத்தடத்திலும் தாழ்ந்திருந்தால், அந்த மனிதர் சொல்லாமல் மறைத்துவைத்த பழைய வலி ஒன்று வலக்காலில் இருக்கின்றது. சீமெந்துத் தரையில் எத்தனை வருஷம் கற்பித்தாலும் கிட்டாத சாட்சி இது. பக்கவாட்டில் நண்டு நடை நடப்பதும், ஒரு காலை முன்வைத்து மறு முழங்காலை மணலளவுக்குத் தாழ்த்துவதும் இதன் பின்னரே.

முழங்கால் தேய்ந்த ஆச்சிமாருக்கும், உடற்பாரம் மிகுந்தவர்களுக்கும் கடலே நல்லது. சாட்டியின் ஆழங்குறைந்த நீரில் இடுப்பளவுக்கு இறங்கினால், காலின்மேல் விழும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதே தண்ணீர், காலை முன்னே வீசும்போது எதிர்த்து நின்று தசைக்கு வேலையும் கொடுக்கிறது. எவராயினும் தனியே இறங்கலாகாது. ஒரு கால் மாத்திரம் திடீரென வீங்கி நோவுள்ளவரை நான் மணலிலும் விடுவதில்லை, கடலிலும் விடுவதில்லை, ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவேன்.

சாப்பாட்டைப் பற்றி நீளச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அரை மணி நேரம் வியர்க்க நடந்து செலவழித்த சக்தியை, வீடு திரும்பும் வழியில் இரண்டு வாய்ப்பனும் சீனி தூக்கலான ஒரு பால்தேநீரும் வட்டியுடன் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதை மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்வேன். வாரந்தோறும் தராசில் ஏறுவதிலும், தொடையின் நடுவே நாடாவைச் சுற்றி மாதமொருமுறை அளப்பது மேல். கொழுப்புக் குறையக் குறையத் தசை கூடுவதால், தராசு அசையாமலிருக்கும் காலங்களும் உண்டு. பெரியவிளானிற் பிறந்து, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நாங்கள் நினைவில் வைத்திருப்பது, அவரது கால்கள் எத்தனை அங்குலம் என்பதற்காகவா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் சில பிள்ளைகள் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்; சிலர் வைப்பதில்லை, அதுவும் அவரவர் இஷ்டம்.

சாட்டிக்கு உல்லாசமாக வரும் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளிற் குடித்து முடித்த போத்தல்களை மணலில் உடைத்தெறியாமல், வந்த வாகனத்திலேயே திருப்பி ஏற்றிச் செல்லுங்கள். திங்கட்கிழமை காலையில் அந்த மணலில் இறங்குபவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள்.