இரண்டு காவலுக்கு ஒரு டிஸ்க்

"ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்னு போன தடவை வந்தவர் சொல்லிட்டுப் போனாரு தம்பி" என்றார் கடைக்கார அக்கா. கும்பகோணத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் சேவையும் சேர்ந்த கடை. ஓய்வூதியர் ஒருவர் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை வைக்கக் காத்திருந்தார். திரையில் நீல வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஃபார்மட் போட்டால் என்ன கோளாறு என்று தேட வேண்டியதில்லை, கூலியும் உறுதி. பலர் அதையே முதலில் சொல்வதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். விண்டோஸ் 10. சிபியு 14 சதவீதம், மெமரி 60. டிஸ்க் மட்டும் 100. ரேம் கூட்டியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

டிஸ்க் என்ற தலைப்பைக் கிளிக் செய்ததும் அதிகம் தின்பவை மேலே வந்தன. முதல் இரண்டு வரியிலும் ஆன்டிவைரஸ், வெவ்வேறு கம்பெனி. ஒன்று கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்து கெடு முடிந்தது. மற்றது அக்கா காசு கொடுத்து வாங்கியது. மாணவர்களின் பென் டிரைவில் ஒரு கோப்பைத் திறந்தால் முதல் காவல்காரன் அதைப் பிரித்துப் பார்க்கிறான்; அவன் கைவைத்ததைக் கண்டு இரண்டாமவனும் பிரிக்கிறான். எஸ்எஸ்டி என்றால் ஓரளவு சமாளிக்கும். இது நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு சுற்றுக்கே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது முறை படிப்பதே பெரிய விஷயம்.

கெடு முடிந்ததை, அந்தக் கம்பெனியே தரும் நீக்கும் கருவியால் எடுத்தேன். செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் செய்தால் சில ஆன்டிவைரஸ்கள் டிரைவரை விட்டுவிட்டுப் போகும்.

அடுத்து ஸ்டார்ட்அப் பட்டியல். மகனின் கேம் லாஞ்சர், மீட்டிங் செயலி, கழற்றிப் போட்ட பிரிண்டரின் உதவியாளன் எல்லாம் வரிசையாக நின்றன, டிஸேபிள் செய்தேன். சர்வீஸ் பட்டியலில்தான் கை நிதானிக்க வேண்டும். கைரேகைக் கருவியின் ஆர்டி சர்வீஸ் அங்கே இருக்கிறது. தெரியாத பெயராயிற்றே என்று நிறுத்தினால் ஆதார் சரிபார்ப்பு நின்றுவிடும், அன்றைய வியாபாரமும் சேர்ந்து. அதைத் தொடவில்லை.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' 19 நாள் என்று காட்டியது. "தினம் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே போறேன்?" என்றார் அக்கா. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு, காலையில் அப்படியே திரும்பும். முழுதாக அணைந்து எழ ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

கொடுத்தோம். எழுந்தவுடன் டிஸ்க் மறுபடி 100 காட்ட, அக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்டேட், இன்டெக்சிங் எல்லாம் அப்போதுதான் ஓடும். சற்றுப் பொறுத்தால் அடங்கும். அடங்கியது. பெரியவரின் விரல் ஒரே தடவையில் பதிந்தது.

"புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார் அக்கா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் என்றைக்காவது வாங்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் ஒரு எஸ்எஸ்டி போட்டு ஓட்டச் சொன்னேன்.