கிழிந்த துண்டு

திருவண்ணாமலையை வலம் வருவோர் 14 கி.மீ. நீளமுள்ள பாதையில் மலையின் மேற்குப் புறத்தை அடையும்பொழுது, அடி அண்ணாமலை என்னும் சிற்றூரைக் காண்பர். அவ்வூரில் என் மாமாவின் கடைசல் பட்டறை இருந்தது. கட்டிற்கால், பூரிக்கட்டை, பம்பரம், சிறுமியர் ஆடும் மரச்செப்பு முதலியன அங்கே உருப்பெற்றன. என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் அங்கேயே கழிந்தன.

கடைசல் பிடித்தல் நம் நாட்டின் பழந்தொழில்களுள் ஒன்று. அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும், கருநாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளும் இத்தொழிலால் புகழ் பெற்றவை. மரக்கட்டையை இரு முனைகளுக்கு இடையே பொருத்திச் சுழற்றுவர். உளியை இரும்புச் சட்டத்தின்மேல் ஊன்றி, சுழலும் கட்டையில் மெல்லத் தொடுவர். முற்காலத்தில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுத்துக் கட்டையைச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடிப்பார். என் தாத்தா அவ்வாறே தொழில் செய்தார். மாமாவின் காலத்தில் கயிறு போயிற்று. மின்சார மோட்டார் வந்தது.

“கயிறு இழுப்பவனுக்குக் காது உண்டு, ‘ஐயோ’ என்றால் நிறுத்திவிடுவான். மோட்டாருக்குக் காது இல்லை, தம்பி!” என்று மாமா அடிக்கடி சொல்வார். நான் அதனைக் கேட்டேன், ஆனால் உணரவில்லை.

எனக்கு 16 வயது. கார்த்திகைத் தீபத் திருநாளுக்கு முந்திய இரவு. பாதையோரத்தில் கடை விரிக்கும் வணிகர் ஒருவர், விடிவதற்குள் 100 பம்பரங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். பனி கடுமையாகப் பெய்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நான் வேலை செய்தேன். 80 பம்பரங்கள் முடிந்தன. எஞ்சியவற்றை விரைந்து முடிக்கும் ஆவலில், கட்டையின்மீது குனிந்து பார்த்தேன். துண்டின் நுனி சுழலும் கட்டையைத் தொட்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் என் கழுத்து முன்னே இழுக்கப்பட்டது. மோவாய் இரும்புச் சட்டத்தில் மோதியது. பழந்துணியாதலால் துண்டு கிழிந்தது. அருகில் பம்பரங்களுக்கு ஆணி அறைந்துகொண்டிருந்த மாமா பாய்ந்து வந்து விசையை நிறுத்தினார். அது புதுத்துண்டாக இருந்திருந்தால், இன்று இதனை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காயத்திற்குக் கட்டுப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தார். எஞ்சிய 20 பம்பரங்களும் செய்யப்படவேயில்லை.

மறுநாள் காலையில் அவர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். கட்டையின் விட்டம் 15 செ.மீ.; அது நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்கிறது. அவ்வாறாயின் நொடிக்கு 25 சுற்று. அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 42 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் துணியோ தலைமயிரோ சிக்கினால், கையை இழுத்துக்கொள்ளவும் நேரம் இராது. ஆதலால் தொங்கும் உடை, மோதிரம், கைக்கயிறு ஆகியவற்றை முன்னரே நீக்கிவிட வேண்டும். கையுறை காக்கும் என்று சிலர் எண்ணுவர். துணியுறை சிக்கினால் விரலையும் உடன் இழுத்துச் செல்லும். கடைந்த பொருளைத் துணியால் தேய்த்து மெருகிடுவதும் அத்தகைய இடரே.

பின்னர் அவர் ஒரு கட்டையை எடுத்து வெடிப்பு, கணு, ஆணி உண்டா என ஆராய்ந்தார். அதனைப் பொருத்திக் கையால் ஒரு முறை சுற்றி, சட்டத்தில் இடிக்கவில்லை என்று கண்டார். கட்டைக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று விசையைத் திருப்பினார். கட்டை பிளந்தால் சிதறுவது நேர் எதிரேயன்றோ? உளியை முதலில் சட்டத்தில் ஊன்றி, அதன் பின்னரே மரத்தில் வைத்தார். “மழுங்கிய உளியை அழுத்த வேண்டும், அழுத்தினால் துள்ளும். கூரிய உளியே நமக்குக் காவல்” என்றார். சட்டத்தை நகர்த்த வேண்டியபொழுது, விசையை நிறுத்தி, கட்டை தானே ஓயும்வரை காத்திருந்தார், கையால் தடுக்கவில்லை. இன்று இவற்றோடு, கண்ணையும் முகத்தையும் காக்கும் மறைப்பும், மரத்தூளைத் தடுக்கும் மூக்குறையும் அணிதல் வேண்டும்.

அன்று மாலை மலையுச்சியில் தீபம் ஒளிர்ந்தது. ஊரார் அனைவரும் மலையை நோக்கிக் கைகூப்பினர். என் கையோ மோவாய்க் கட்டைத் தடவியது.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். இயந்திரத்திற்கு இரக்கம் இல்லை. அதனை இயக்குவோன் தன்மீது தானே இரக்கம் கொள்ள வேண்டும். விசையைத் தொடுமுன் செலவிடும் ஒரு நிமிடமே அவ்விரக்கம். அக்கிழிந்த துண்டை மாமா எறிந்துவிடவில்லை. விசைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டினார். அதன்பின், பட்டறையில் விசையை நோக்கிக் கை நீட்டிய எவரும் அதனைப் பாராமல் இருந்ததில்லை.