பதினைந்து ஆடும் மூன்று புலியும்



போன மாதம் ஏற்காடு போய் வந்த படத்தை மட்டும் இங்கே போட்டிருந்தேன். "டீச்சர், ஏழு பேரும் தரையில உக்காந்து சண்டை போடுற மாதிரியே இருக்கே?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சண்டையேதான். எதற்கு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது பின்னால் வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஏழு பேரும் 1980 முதல் 82 வரை ஆசிரியர் பயிற்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று. சந்தித்தால் சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் என்று மூன்று பாடம்தான் நடக்கும். இந்தத் தடவை ஓமலூர்க்காரியின் மகள் ஒரு யோசனை சொன்னாள். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே விடுமுறை நாளில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஓரிடத்தில் கூடி, காலை முதல் இரவு வரை பலகை விளையாட்டு ஆடுவார்களாம். "நீங்களும் அப்படி ஒரு நாள் வைங்களேன், செல்போனை ஒரு கூடையில போட்டுடுங்க" என்றாள். நாகலூர் போகும் வழியில் ஒரு வீட்டையும் அவளே வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவிலேயே எடப்பாடிக்காரிக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. மேலே போனால் நல்ல பனி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி, எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. தங்கும் விடுதிகள்தான் மரத்தைவிட அதிகமாகிவிட்டன.

ஆத்தூர்க்காரி அவள் அம்மாவின் சீர்ப் பல்லாங்குழியைக் கொண்டுவந்திருந்தாள். மீன் வடிவ மரப்பலகை, மடக்கினால் பெட்டி. குழிக்கு ஐந்து முத்து என்றேன் நான். எங்கள் வீட்டில் ஆறு என்றாள் அவள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் ஏழு பேருக்கும் ஒரே கருத்து. எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு கண் அழுத்த நோயில் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. அவள் விரல் நுனியால் குழியைத் தொட்டே எண்ணினாள். குழிக்கு ஐந்து என்று பதினான்கு குழிக்கு எழுபது முத்து. அதில் நாற்பத்து மூன்றை வாரிக்கொண்டு போனாள். "கண்ணு தெரியிறவங்க எல்லாம் எண்ணுறதுக்கு எதுக்குடி இவ்வளவு நேரம்?" என்று கேலி வேறு.

அடுத்து தாயம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, சுண்ணாம்புக்கட்டியில் போட்ட கட்டம். எனக்குத் தாயமே விழவில்லை. ஒன்பது முறை உருட்டியும் காய் வெளியே வரவில்லை. ராசியில்லாத கை என்றார்கள். கணக்கு டீச்சரிடமா? ஒரு கட்டைக்கு நான்கு பக்கம், இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு வகை. அதில் தாயம் இரண்டே வகைதான், எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இருப்பார் என்று தரையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். "சரி, உருட்டு" என்றார்கள். அதற்குள் செவ்வாய்ப்பேட்டைக்காரி என் மலைக்கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள், நான் வந்தால் வெட்ட.

மத்தியானம் தட்டுவடை செட்டுக்குப் பிறகு மகள் கொண்டுவந்த 'கட்டான்' என்ற விளையாட்டு. 1995ல் ஜெர்மனியில் வந்ததாம். செங்கல், மரம், ஆடு, கோதுமை, கல் என்று அட்டைகள். அதைப் பண்டமாற்று செய்து சாலையும் வீடும் கட்ட வேண்டும். விதியைச் சொல்லிக்கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பேரம் தொடங்கியதும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு செங்கல் தர்றேன், ஒரு கோதுமை குடுடி", "போடி, அன்னைக்கு எனக்கு ஆடு குடுத்தியா நீ?" என்று வாரச்சந்தை கெட்டது போங்கள். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்ததுதான். லுடோவும் பாம்பும் ஏணியும் நம்ம ஊர்ச் சொக்கட்டானும் பரமபதமும் வெள்ளைக்காரர் கைக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தவை என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். "தெரியும் ஆன்ட்டி" என்றுவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது கஷ்டம்.

சாயங்காலம் ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு போட்டேன். உச்சியிலிருந்து நான்கு கோடு, குறுக்கே கோடுகள், இருபத்து மூன்று முனைகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபத்துக் கல் தரைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி விறகு கொண்டுவந்து போட்டவர் அப்படியே நின்றார். ஐம்பது வயது இருக்கும். மலையாளிப் பழங்குடிக்காரர். (வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு: கேரளம் இல்லை. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழ் பேசும் மக்கள்.) "உக்காருங்க தம்பி" என்றேன். ஆடு கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குப் புலி.

பொதுவாக ஆடு வைப்பவர் அவசரப்பட்டு நடுவில் வைத்துப் பறிகொடுப்பார். இவர் ஓரத்திலிருந்தே வந்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் இன்னொரு ஆடு இருந்தது. பின்முனை காலியாக இருந்தால்தானே புலி தாண்டி வெட்ட முடியும்? பதினைந்தும் வைத்து முடித்தபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஆடு. பிறகு ஏழெட்டு நகர்த்தலில் மூன்று புலியும் அசைய முடியாமல் நின்றன.

"எங்க தம்பி கத்துக்கிட்டீங்க?"

"ஆடு மேய்க்கையிலதான் டீச்சர். பாறையில கீறி வெச்சிருப்போம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் காய் ஓடவில்லை.

1985ல் எனக்கு முதல் வேலை இதே மலையில் ஒரு சிறிய தொடக்கப் பள்ளியில். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அங்கே நாலாம் வகுப்பில் ஒரு பையன். சிலேட்டில் கழித்தல் போட்டால் கடன் வாங்க மறந்துவிடுவான். ஆனால் திண்ணையில் கரியால் கோடு போட்டு, காப்பிக்கொட்டையை ஆடாகவும் ஓட்டுச்சில்லைப் புலியாகவும் வைத்து, ஐந்தாம் வகுப்புப் பையன்கள் எல்லோரையும் ஜெயிப்பான். மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. நான் அந்தக் கோட்டைத் தேங்காய் நாரால் அவனையே தேய்த்துக் கழுவ வைத்தேன். காய்களை வாங்கிச் சரிவில் வீசினேன். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில் பல பிள்ளைகள் வராமல் போவார்கள், பிறகு திரும்பிவிடுவார்கள். அந்த வருடம் அவன் திரும்பவில்லை. அதற்கு வீட்டுக் கஷ்டம் காரணமா, என் வாய் காரணமா என்று நான் போய்க் கேட்கவே இல்லை. அவன் வீடு நடந்தால் அரை மணி நேரம். 1989ல் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

2007-08ல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்து, ஏணியில் படிப்படியாக ஏறிப் படிப்பது. ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். பயிற்சி வகுப்பில் மணிகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். பதினைந்து ஆட்டில் ஆறு போனால் மீதி எத்தனை என்று கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதை அன்று ராத்திரி தோழிகளிடம் சொன்னேன். "நாம எல்லாருமேதான் அப்படிப் பேசியிருக்கோம், விடுடி" என்றார்கள். கண் தெரியாதவள் மட்டும், "அப்புறம் அவனைத் தேடினியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இன்னும் என்ன சொல்லிக்கிட்டு இருக்க?" என்று முத்துகளை எண்ணிப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் மற்றவர்கள் படகு விடப் போனார்கள். நான் காப்பாளர் தம்பியின் மகனோடு ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். பள்ளிக்குப் புதுக் கட்டடம், தரையில் டைல்ஸ். பழைய திண்ணை இல்லை. அவன் வீட்டார் பல வருடத்துக்கு முன்பே கீழே வேலைக்குப் போய்விட்டார்கள், திருப்பூர் என்று ஒருவரும் கோயம்புத்தூர் என்று ஒருவரும் சொன்னார்கள்.

அதனால்தான் இந்தப் பதிவு. 1985க்கும் 89க்கும் இடையில் அந்த மலைப்பள்ளியில் என்னிடம் படித்தவர்கள் மூன்று நான்கு பேர் இங்கே இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இடது கையால் எழுதுவான், அவன் அக்காவும் நம் பள்ளிதான். இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். பெயரைக் கருத்தில் எழுதாதீர்கள், பொதுவில் வேண்டாம். அவனைப் பற்றித் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பேச விருப்பமா என்று முதலில் அவனிடம் கேட்டுவிட்டு எண் கொடுங்கள். விருப்பமில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். திருப்பூராக இருந்தாலும் கோயம்புத்தூராக இருந்தாலும் நானே வருகிறேன்.