விறகு இருக்கு சார், தண்ணிதான் இல்லை!

ஊட்டிக்குப் போனால் குளிரும், குரங்குக் குல்லாய் வாங்க வேண்டும், வர்க்கி தின்ன வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் போனோம். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர். மே மாதம். மூன்று நாள் லீவுக்கு மேனேஜர் காலில் விழாத குறையாகக் கையெழுத்து வாங்கியிருந்தோம். காட்டேஜில் பெட்டியை இறக்கியதும் ரூம் பையன் சொன்ன முதல் விஷயத்தைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"வெந்நீர் போட விறகு எவ்வளவு வேணும்னாலும் இருக்கு சார். தண்ணிதான் இல்லை. ஒரு ரூமுக்கு ரெண்டு பக்கெட்."

ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய வரை மரம். வானத்தைத் தொடுகிற உயரத்தில், தைல வாசனையோடு, கற்பூர மரம். அதாங்க, நாம் யூகலிப்டஸ் என்போமே, அது. 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்த ஜாதி நாங்கள். இத்தனை மரத்தை வைத்துக்கொண்டு குளிக்கத் தண்ணீர் இல்லையென்றால் எப்படி?

மறுநாள் ஜீப் டிரைவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"அது குடிச்சது போக மிச்சம்தான் சார் நமக்கு!"

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன். கூடலூர் ரோட்டில் போய்ப் பிரிந்து, கிளன்மார்கன் போகும் வழியில்தான் அது தமாஷ் இல்லை என்று புரிந்தது. ஊட்டியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். மின்வாரியத்துக்காரர்கள் மட்டும் சிங்காராவுக்கு இறங்கும் விஞ்ச் இருக்கிற ஊர். (நாமும் ஏறலாமா என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்டு மூக்குடைபட்டாயிற்று.)

கதை பழசு. வெள்ளைக்காரர்கள் வந்து ஊட்டியைக் கட்டினார்கள். கட்டியதோடு குளிரில் நடுங்கவும் செய்தார்கள். வீட்டுக்கு வீடு கணப்பு. பக்கத்துச் சோலைகள் எல்லாம் சாம்பலாகிக்கொண்டே வந்தன. சோலை மரம் மெதுவாக வளருகிற ஆசாமி. போனால் போனதுதான். 1843-ல் காட்டன் என்ற கேப்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தக் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே கதைதான். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிக்கொள்ளலாம், திரும்ப நட வேண்டாம். விறகுக்குப் பஞ்சமில்லை, சோலையும் பிழைக்கும். கணக்கு அருமையான கணக்கு. நட்டார்கள், நட்டார்கள், மலை மலையாக நட்டார்கள்.

நட்ட இடம்தான் வம்பு. சோலையை விட்டுவிட்டுப் புல்வெளியில் நட்டார்கள். சும்மா கிடக்கிற தரிசு என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் புல்லும் அதன் கீழே இருக்கிற சதுப்பும்தான் மழையைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்து, கோடையில் சொட்டுச் சொட்டாக விடுகிற டாங்கி.

இதை ஊட்டியிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் இதே கிளன்மார்கனில் அளந்தே பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளத்தாக்கு. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். இன்னொன்றில் 59 சதவீத இடத்தில் 1972-ல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருஷத்தில் ஓடை நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. சரி, வெட்டினார்கள். வெட்டினால் தண்ணீர் திரும்புமே என்றுதானே நீங்கள் நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். துளிர் விட்ட இரண்டாவது பத்து வருஷத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது!

காரணம் சுலபம். மேலே கட்டையை வெட்டினாலும் கீழே வேர் அப்படியே ஆழத்தில் இருக்கிறது. கன்று மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டையிலிருந்து நாலைந்து துளிர் கிளம்பி, பழைய வேரை வைத்தே உறிஞ்சுகின்றன. கோடை ஓட்டம்தான் ரொம்ப மோசம். முதல் சுற்றில் ஏறக்குறைய பாதியானது, இரண்டாவதில் கிட்டத்தட்ட கால் பங்கு. அடைமழையில் வெள்ளத்தின் வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மே மாதம் பக்கெட்டோடு நிற்கிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

ஜீப்பை ஓரங்கட்டி இறங்கி நடந்தோம். மரத்தடியில் புல்பூண்டு அதிகமில்லை. உரிந்த பட்டையும் காய்ந்த இலையும் மொறுமொறு என்று மிதிபடுகிறது. இலை தைலம் காய்ச்ச, கட்டை பாய்லருக்கு, சுள்ளி வீட்டு அடுப்புக்கு. மண்ணுக்குத் திரும்புவது கொஞ்சம்தான்.

எதிரே சும்மாடு வைத்து விறகுக் கட்டோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயசிருக்கும். "வெட்டினதாம்மா?" என்று என் நண்பன் அதிகாரி மாதிரி கேட்டுத் தொலைத்தான்.

"பச்சை மரத்தைத் தொட்டா கார்டு விடுவாராப்பா? விழுந்த சுள்ளிதான். கேஸு இருக்கு, காசு இருக்கணுமில்ல? குளிருக்கு வெந்நீ வேணாமா?"

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"எங்க ஹட்டிக்குக் கீழே ஒரு ஊத்து இருந்துச்சு சார்" என்றார் டிரைவர். "தாத்தா காலத்துல கோடையிலயும் வத்தாதாம். மேல தோட்டம் போட்டப்புறம் மாசியிலேயே நின்னுடுது."

"அப்ப இந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட வேண்டியதுதானே அண்ணே?"

"வெட்டினா துளிர்க்கும்னு நீங்கதானே இப்ப பேசிக்கிட்டிருந்தீங்க! வேரோட எடுக்கணும். எடுத்த இடத்துல சீகை மரம் வந்து உக்காந்துக்கும். அதோட விதை வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்கும். அதையும் புடுங்கி, புல்லு வளர்த்து... சரி, அதுவரைக்கும் அந்தம்மா எதை எரிப்பாங்க? டீ பாக்டரிக்காரங்க எதை எரிப்பாங்க? சோலைக்குள்ள கத்தியோட போவாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று தோன்றியது. விறகு வேண்டியவர்களுக்கு வேண்டிய அளவு ஊருக்குப் பக்கத்தில், ஓடைத் தலைமாட்டை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு, ஊற்று இருக்கிற புல்வெளிகளை மட்டுமாவது முதலில் மீட்கலாம். ஆபீஸ் குமாஸ்தா யோசனை. பைலில் போட்டுக்கொள்ளட்டும்.

ராத்திரி காட்டேஜ் முற்றத்தில் கேம்ப் ஃபயர். ஒரு கட்டு ஐநூறு ரூபாய். கற்பூரக் கட்டை படபடவென்று வெடித்து எரிந்தது. நண்பர்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் தீயைப் பார்த்து, இது எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனையாவது துளிர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவன், "என்னடா, வீட்டு ஞாபகமா?" என்றான்.

பையன் வந்தான். "சார், நாளைக்கு லாரி வராதாம். ஒரு பக்கெட்தான். விறகு இன்னொரு கட்டு போடட்டுமா?"