தாத்தாவின் கப்சாய்

சுங்கை சிப்புட்டில் உள்ள அந்த வரிசை வீட்டின் பின்புறத்தில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் பல ஆண்டுகளாகக் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வரும்போதெல்லாம், "இதைக் கொடுத்துவிடலாமே" என்பார் தாத்தா. தந்தையோ ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தடுத்துவிடுவார்.

அது ஹோண்டா சி70. ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய 'சூப்பர் கப்' குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் 'கப்' என்ற பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்துதான் மலேசியர் வாயில் 'கப்சாய்' ஆனது. இயந்திரத்தின் கொள்ளளவு 72 கன சென்டிமீட்டர்தான். கைப்பிடியில் கிளட்ச் கிடையாது. இடது காலால் மிதித்தாலே கியர் மாறும். இடக்கைக்கு வேலை இல்லாததால், முன்னால் வைத்திருக்கும் வாளியை அந்தக் கையால் பிடித்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வேறென்ன வேண்டும்?

தாத்தா அதை 1981இல் தவணை முறையில் வாங்கினார். விடியற்காலையில் பால்மரம் சீவப் போவதும், ஒட்டுப்பால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவதும் அதில்தான். பிறகு, தந்தையைப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். ஒட்டுப்பாலின் நாற்றத்தை அறிந்தவர்கள் அறிவார்கள். எத்தனை முறை கழுவினாலும் போகாது. படிவம் ஒன்றில் படித்த தந்தை, பள்ளிக்கு முன்னால் இருந்த பேருந்து நிறுத்தத்திலேயே தம்மை இறக்கிவிடச் சொல்வார். "நண்பர்கள் அங்கே காத்திருப்பார்கள், அப்பா" என்பார். அங்கே யாரும் காத்திருந்ததில்லை. இதை அவர் தம் மகளிடம் சொன்னது, வண்டியைப் பிரிக்கத் தொடங்கிய முதல் நாள் மாலையில்தான்.

பள்ளி விடுமுறையில் வேலை தொடங்கியது. மகள் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்தாள். திருகாணிகளைப் பழைய மைலோ டின்களில் பிரித்துப் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டினாள். இந்தச் சிறிய ஒழுங்கு இல்லாவிட்டால், பிரித்த வண்டி பிரித்தபடியே கிடக்கும்.

சோதனை இயந்திரத்தில் இருந்தது. மழைநீர் இறங்கியதால், பிஸ்டன் உருளையோடு துருப்பிடித்து இறுகிவிட்டது. உதைத்துப் பார்த்தால் மிதி அசையவே இல்லை. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இயந்திரம் மாட்டுங்கள். ஒரே நாளில் ஓடும்," என்றார் பட்டறைக்காரர். விலையும் மலிவுதான். ஆனால், இயந்திரத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். அதைவிட, வேறு இயந்திரம் மாட்டினால் அது தாத்தாவின் வண்டியாக இருக்குமா என்று மகள் கேட்டாள். தந்தை பதில் சொல்லாமல் வீடு திரும்பினார்.

அதுவரை ஒதுங்கியிருந்த தாத்தா அன்றுதான் வாய் திறந்தார். "பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்று. முரட்டுத்தனமாக மிதிக்காதே, உள்ளே உடையும்."

நான்கு நாள்கள் டீசல் ஊறியது. ஐந்தாம் நாள், மிதியைக் கையால் மெதுவாக அழுத்தியபோது, அது ஒரு விரல் அளவு இறங்கியது. மகள் கூச்சலிட்டதில் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

அதன் பின் உருளையைக் கடைந்து, புதிய பிஸ்டன் போட்டார்கள். கார்புரேட்டரின் நுண்துளைகளில் பழைய பெட்ரோல் பிசின்போல் உறைந்திருந்தது. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அதனால் மின்கம்பியிலிருந்து உருவிய மெல்லிய செம்பு இழையால் மகள் சுத்தம் செய்தாள். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு டின்னில் ஒரு சிறு வளையம் மிச்சம் இருந்தது. மீண்டும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்பக்கத் தாங்கி மட்டும் வளைந்திருந்தது, மூட்டைகளின் பாரத்தால். தந்தை அதன் துருவைத் தேய்த்து எடுத்தார், சோப்பு நீரால் பல முறை கழுவினார், வளைவை நிமிர்த்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழாவது உதையில் இயந்திரம் உறுமியது. தாத்தா கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் கேட்டார். பிறகு குனிந்து, கார்புரேட்டரின் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினார். சத்தம் சீராகி, 'டுப் டுப்' என்று இறங்கியது. அவர் நிமிர்ந்து, தாங்கியைத் தடவி, விரல்களை மூக்கருகே கொண்டு சென்றார்.

"நாற்றம் போய்விட்டது, தம்பி. இனிமேல் பள்ளி வாசல் வரைக்கும் போகலாம்."

எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி தந்தை அப்படியே நின்றார். தாத்தா சிரித்துக்கொண்டே இருக்கையைத் தட்டி, பேத்தியை ஏறச் சொன்னார்.