சுரக்கிறதா, கசிகிறதா?

"டிஎஸ்ஹெச், டி4, கூடவே ரிசெப்டர் ஆன்டிபாடி. எல்லாம் ரத்தத்திலேயே தெரிஞ்சிடுது. இன்னும் எதுக்கு சார் இந்த அப்டேக் எல்லாம்?" என் பிரிவு உபசார விழாவில், டீயும் சமோசாவுமாக நின்றிருந்தபோது ஓர் இளம் மருத்துவர் கேட்டார். நல்ல பிள்ளைதான், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அணு மருத்துவப் பிரிவில் கழுத்துகளை அளந்தே நரைத்தவன் நான். அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

தைராய்டு ஹார்மோன் அதிகம் என்று ரத்தம் சொல்லும். எதனால் என்று சொல்லாது. கிரேவ்ஸ் நோயில் சுரப்பி ஓயாமல் உற்பத்தி செய்கிறது. தைராய்டிடிஸில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தது கசிகிறது. இரண்டிலும் டிஎஸ்ஹெச் தரைமட்டமாகக் கிடக்கும், நெஞ்சு படபடக்கும், எடை இறங்கும். உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் முதலாவதற்கு மருந்து, இரண்டாவதற்கு வீண். அபூர்வமாக வெள்ளணுக்களையே இல்லாமல் செய்துவிடுகிற மாத்திரையை வீணாக யாராவது விழுங்குவார்களா? மைக்ரோகியூரி அளவில் அயோடின் 131 கொடுத்து, 24 மணி நேரம் கழித்துக் கழுத்தில் எத்தனை சதவீதம் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அதுதான் அப்டேக். கிரேவ்ஸில் 50, 60 என்று ஏறும். கசிகிற சுரப்பியில் 1 அல்லது 2.

ஆன்டிபாடி போதாதா என்றால், பெரும்பாலும் போதும்தான். ஆனால் முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் சில கருவிகள் ஏமாந்துபோகும். டிஎஸ்ஹெச் குறைவு, டி4 அதிகம், ஆன்டிபாடியும் அதிகம் என்று அச்சு அசல் கிரேவ்ஸாகவே ரிப்போர்ட் வரும். கழுத்து அப்படி ஏமாறாது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் மும்பை ரேடியேஷன் மெடிசின் சென்டரில் பயிற்சி பெற்றவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே கவலை, தூரம். அளக்கிற ப்ரோபுக்கும் கழுத்துக்கும் இடையே 25 சென்டிமீட்டர். நோயாளி சற்று முன்னால் சாய்ந்து அது 24 ஆனால் கவுண்ட் 8 சதவீதம் கூடிவிடும். கண்மட்டமாக வைத்தால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். கேன்டீனில் டம்ளரைக் கையில் எடுக்கும்போதுகூட, "ஸ்கேல் வெச்சியாடா?" என்பார். கழுத்து முடிந்ததும் அதே தூரத்தில் தொடை. ரத்தத்தில் ஓடுகிற அயோடினைக் கழிக்க வேண்டாமா? அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க அக்ரிலிக் கழுத்துக்குள் ஸ்டாண்டர்டு, அப்புறம் வெற்று அறை. "ஒண்ணா மூணான்னு தடுமாறுறப்ப தொடைதான்டா உன்னைக் காப்பாத்தும்" என்பார்.

அளப்பதைவிட, நோயாளியிடம் அவர் கேட்கிற விதம்தான் எனக்குக் கைவர நாளாயிற்று. அமியோடரோன் என்கிற இதய மருந்தின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 150 மைக்ரோகிராம். இப்படி அயோடினில் ஊறிய சுரப்பி நாங்கள் கொடுக்கிற துளியை ஏறெடுத்தும் பார்க்காது. கிரேவ்ஸ் கழுத்தும் 2 சதவீதம் காட்டும். சிடி ஸ்கேன் சாயத்துக்கும் இதே கதைதான். "அயோடின் மருந்து ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அவர் அப்படிக் கேட்க மாட்டார். "ரெண்டு மாசத்துக்குள்ள எங்கயாச்சும் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாங்களாம்மா? உடம்பெல்லாம் குப்புன்னு சூடா வந்துச்சா?" என்பார். "ஆமாங்கய்யா, வந்துச்சு" என்று உடனே பதில் வரும்.

இன்றைக்கு? கேப்சூல் டப்பாவில் ஒட்டியிருக்கும் எண்ணையே கணினியில் தட்டிவிடுகிறார்கள், ஸ்டாண்டர்டை எண்ணுவதில்லை. தொடையை மறந்தாயிற்று. 4 மணி நேர அளவையும் விட்டுவிடுகிறார்கள். சில கிரேவ்ஸ் சுரப்பிகள் அயோடினை அவசரமாக விழுங்கி, அதே வேகத்தில் ஹார்மோனாக வெளியே தள்ளிவிடும். மறுநாள் அளந்தால் நார்மல் போலத் தெரியும். பல இடங்களில் டெக்னீசியம் ஊசி போட்டு 20 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் டெக்னீசியத்தைச் சுரப்பி உள்ளே இழுக்குமே தவிர, அதிலிருந்து ஹார்மோன் செய்யாது. மண்டபத்துக்கு வந்தவர்களை எண்ணுவது வேறு, பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணுவது வேறு. திரையில் இரண்டு தசமத்தோடு எண் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். டிஎஸ்ஹெச் குறைந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினால், சுரப்பி உற்பத்தி செய்கிறதா, கசிகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளக்க அனுப்பினால் இதய மாத்திரை, ஸ்கேன் ஊசி எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடி மாத்திரையை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளை பெற்ற சில மாதங்களில் வருகிற படபடப்பு பல பேருக்குக் கசிவுதான். கர்ப்பமாக இருந்தாலும் தாய்ப்பால் கொடுத்தாலும் அயோடின் கேப்சூலை வாங்கவே வாங்காதீர்கள். எதிரே நிற்கிறவர் கேட்க மறந்தாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.