இறக்கமும் நிதானமும்

மலையென்பதையே அறியாத யாழ்ப்பாணத்து மண்ணிற் சைக்கிளோட்டி வளர்ந்தவர்களுக்குப் பிறேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி, அவ்வளவே. சந்தி வந்தாற் பிடிப்போம். வண்டி நின்றதும் அதனை மறந்துவிடுவோம். பேராதனைக்குப் படிக்க வந்த பின்னரே, நிறுத்துவதினும் அரிய பணியொன்று அதற்கு உண்டென அறிந்தேன். நில்லாது இறங்கிக்கொண்டேயிருக்கும் வண்டியை அடக்கிவைப்பதே அப்பணியாகும்.

இதனை எனக்கு விளக்கியவர் என் தாய்மாமன். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் லொறியொன்றின் சாரதியாகப் பல்லாண்டு உழைத்தவர் அவர். விடுமுறை நாட்களில் அவரருகே அமர்ந்து நானும் சென்றதுண்டு. "தம்பி, ஏறின கியரிலதான் இறங்கவேணும். கால் பிறகுதான்" என்பார்.

அவர் கூற்றின் உண்மை எளிதில் விளங்கக்கூடியது. பிறேக் வேகத்தை வெப்பமாக மாற்றுகின்றது. 10 தொன் நிறையுள்ள வாகனமொன்று 1000 மீற்றர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 300 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினின் எதிர்ப்பு அச்சுமையிற் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். முழுவதையும் பிறேக்கின் மேலேயே சுமத்தினால் ட்ரம் கொதிக்கும். லைனர் பற்றுந் திறனை இழக்கும். பிறேக் ஒயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. புதிதாயிருக்கையில் 200 பாகை செல்சியசுக்கு மேற் கொதிக்கும் சாதாரண ஒயில், ஈரமேறியபின் 140 பாகையளவிலேயே கொதிக்கத் தொடங்கலாம். குழாயினுள் ஆவிக்குமிழ் தோன்றினால் மிதி அமிழும், வண்டி அடங்காது. எனவே ஈராண்டுக்கொரு முறையேனும் ஒயிலை மாற்றுதல் நன்று. காற்றழுத்தத்தால் இயங்கும் பிறேக்குகளாயின், தாங்கியிற் சேரும் நீரை ஒழுங்காக வெளியேற்றவேண்டும்.

மழைக்காலமொன்றில், லைனர் தேய்ந்திருப்பதைக் கண்ட மாமா அதனை மாற்றாமற் பாரமேற்ற மறுத்தார். "இன்னும் ரெண்டு நடை போகலாம்" என்றார் உரிமையாளர். மாமா திறப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். மூன்று மாதம் அவருக்கு வேலையில்லை. என் அம்மாவின் காப்புகள் அடைவுக்குச் சென்றது அப்போதுதான். அந்த லொறியோ, வேறொரு சாரதியின் கையில் மறுநாளே மலையிறங்கியது. விபத்து எதுவும் நேரவில்லை. "வீண் பிடிவாதம்" என உறவினர் சிலர் மாமாவைப் பழித்தனர்.

அப்பழிச்சொல்லை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பேணுதலின் பயன், நேராமற்போன துன்பமே. நேராத ஒன்றுக்குச் சாட்சி சொல்வார் யார்? அலட்சியம் பத்து நடைகளிலே தப்பிவிடலாம்; அப்பத்தும் அதற்குச் சான்றாகிவிடுகின்றன. பதினோராவது நடையில், ஏதுமறியாது பின்னாசனத்தில் உறங்குபவரும் எதிரே நடந்து வருபவரும் அதன் விலையைக் கொடுக்க நேரிடும்.

மெல்ல இறங்கும் பஸ்ஸினுள் அமர்ந்து, நேரம் போகின்றதென நாம் முணுமுணுப்போமாயின், அந்த உரிமையாளரின் குரலுக்கே வலுச்சேர்க்கின்றோம். மலைப்பாதையிற் செல்வோரின் உயிரைத் தனியொரு சாரதியின் மனச்சாட்சியிடம் விட்டுவைப்பது முறையன்று. வாகனம் கராஜில் நிற்கும் நாளுக்கும் சாரதிக்குக் கூலி கிடைக்கும் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு இருந்திருப்பின், மாமா அன்று திறப்பை மேசைமேல் வைக்க நேர்ந்திராது.